லெனாக்ஸ் லூயிஸ் எவ்வளவு பெரிய ஆள்? ராயபுரம் டீக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிற ஒரு இடத்தில் காலை நேரத்தில் நான் உதவிக்கு இருக்கிறேன். கையில் துணி சுற்றிவிடுவது, குத்திப் பழக பேட் பிடிப்பது, ரவுண்டுக்கு மணி பார்ப்பது, இதுதான் வேலை. ஏழரை மணிக்குப் பயிற்சி முடிந்தால் எல்லோரும் பக்கத்து டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். காசிமேட்டில் ஏலம் முடித்துவிட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அப்புறம் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்: ஹெவிவெயிட்டில், அதாவது அதிக எடைக்காரர்கள் பிரிவில், பெரிய ஆள் யார்?

அலியைப் பற்றி இங்கே யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. 1980-ல் அவர் மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். டைசனுக்கு இளவட்டம் முழுக்க ரசிகர்கள். நடுவில் நான் லெனாக்ஸ் லூயிஸ் பெயரைச் சொன்னால்தான் எதிர்ப்பு கிளம்பும். பல வருஷமாக ஒரே சந்தேகங்கள், வேறு வேறு வாயிலிருந்து. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஜோ லூயிஸ் என்று இன்னொரு மாபெரும் சாம்பியன் இருப்பதால், குழப்பம் வராமல் இருக்க இவரை லெனாக்ஸ் என்றே எழுதுகிறேன்.

அண்ணா, அலி தெரியும், டைசன் தெரியும். இவரு யாரு? எந்த ஊரு?

1965 செப்டம்பரில் லண்டனில் பிறந்தவர். அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். 12 வயதில் அம்மாவோடு கனடா போய், அங்கே பள்ளிக்கூடக் காலத்தில்தான் பாக்ஸிங் கற்றுக்கொண்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வாங்கினார். அதன் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, அந்த நாட்டுக்காரராகவே தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். உயரம் ஆறடி ஐந்து அங்குலம். இரண்டு கையையும் விரித்தால் 84 அங்குலம், முழுசாக ஏழு அடி.

1989-ல் தொடங்கி 2003 வரை 44 சண்டை. 41 வெற்றி, அதில் 32 நாக் அவுட். 2 தோல்வி, 1 டிரா.

ஒருத்தர் பெரிய ஆளா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? எல்லாம் அவங்கவங்க இஷ்டம்தானே?

இஷ்டம் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். ஆனால் இஷ்டம் மட்டும் இல்லை. நான் மூன்று விஷயம் பார்ப்பேன். யாரை ஜெயித்தார், அந்த எதிராளி அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பது முதலில். தோற்றபோது எப்படித் தோற்றார், தோற்ற பிறகு என்ன செய்தார் என்பது இரண்டாவது. எத்தனை வருஷம் உச்சியில் நின்றார் என்பது மூன்றாவது. பெல்ட் (சாம்பியன் பட்டம்) எண்ணிக்கையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். நாலு அமைப்பு நாலு பெல்ட் கொடுக்கிற தொழிலில் பெல்ட்டை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம்.

'டைசன் 1988-ல் இருந்தபடி லெனாக்ஸோடு மோதினால் யார் ஜெயிப்பார்' என்பது வேறு கேள்வி. அது கற்பனைச் சண்டை. வரலாற்றில் ஒருவருடைய இடம் என்பது நடந்த சண்டைகளை வைத்து வருவது. இந்த இரண்டையும் கலப்பதால்தான் டீக்கடையில் பாதிச் சண்டை வருகிறது.

இந்த மூன்றில் எனக்கு இரண்டாவது ரொம்ப முக்கியம். லெனாக்ஸை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். அவரோடு ரிங்கில் ஏறிய தொழில்முறை வீரர்களில் அவரிடம் கடைசிவரை தோற்காமல் போனவர் ஒருவர்கூட இல்லை. தோற்கடித்த இருவரையும் திரும்ப அழைத்து ஜெயித்தார். டிரா ஆனவரையும் திரும்ப அழைத்து ஜெயித்தார். ஹெவிவெயிட் சாம்பியன்களில் இப்படிக் கணக்கை மொத்தமாகத் தீர்த்துவிட்டுப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டைசனை அடிச்சாருன்னு சொல்றீங்க. அது கிழட்டு டைசன்தானே அண்ணா?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. சண்டை 2002 ஜூன் 8, மெம்ஃபிஸ் நகரில். எட்டாவது ரவுண்டில் லெனாக்ஸின் வலது கையில் டைசன் மல்லாந்து விழுந்தார். அப்போது டைசனுக்கு 36 முடிய இன்னும் சில வாரம். லெனாக்ஸுக்கோ 36 முடிந்து ஒன்பது மாதம். அதாவது லெனாக்ஸ்தான் மூத்தவர்.

ஆனால் வயசுக் கணக்கைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. டைசன் 20 வயதிலேயே, 1986-ல் சாம்பியன் ஆனவர். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தார், பிறகு மூன்று வருஷம் சிறை, பிறகு ஹோலிஃபீல்டிடம் இரண்டு தோல்வி. 2002-ல் மெம்ஃபிஸுக்கு வந்தது அந்தப் பழைய டைசன் இல்லை. ஆகவே இந்த வெற்றியை மட்டும் வைத்து லெனாக்ஸைப் பெரிய ஆளாக்க முடியாது. நான் அப்படிச் செய்வதும் இல்லை.

அதே சமயம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-லேயே இந்தச் சண்டை நடந்திருக்கலாம். பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி.யின் பெல்ட் டைசனிடம் இருந்தது, அதற்கு மோத அடுத்த முறைக்காரர் லெனாக்ஸ். டைசன் தரப்பு 40 லட்சம் டாலர் கொடுத்து லெனாக்ஸை ஒதுங்கி நிற்கச் சொன்னது. பிறகு டைசன் அந்த பெல்ட்டையே விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். சண்டை தள்ளிப்போனதற்குப் பழி லெனாக்ஸ் மேல் இல்லை.

சரி, நல்லா இருந்தப்ப டைசன் வந்திருந்தா? உண்மையைச் சொல்லுங்க.

கற்பனைச் சண்டை என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு அளவுகோல் இருக்கிறது: இருவரோடும் மோதியவர்கள். டைசன் 1991-ல் ரேசர் ரட்டக்கோடு இரண்டு முறை மோதி, இரண்டும் சேர்ந்து 19 ரவுண்ட் போனது. லெனாக்ஸ் அதே ரட்டக்கை 1992-ல் இரண்டே ரவுண்டில் முடித்தார். டோனி டக்கர் 1987-ல் டைசனோடு 12 ரவுண்டும் கீழே விழாமல் நின்றவர், லெனாக்ஸ் 1993-ல் அவரை இரண்டு முறை தரையில் போட்டார். ஃபிராங்க் புரூனோ விஷயத்தில் கணக்கு திரும்பும். லெனாக்ஸுக்கு ஏழு ரவுண்ட் தேவைப்பட்டது, அதிலும் ஆரம்பத்தில் திணறினார். டைசன் ஒருமுறை ஐந்திலும் இன்னொரு முறை மூன்றிலும் முடித்தார்.

இந்தக் கணக்கும் முழுசாக நம்பத்தக்கதில்லை. இரண்டு வருஷம் கழித்து வருகிற எதிராளி அதே ஆள் இல்லை, டைசனிடம் அடி வாங்கிய உடம்போடு வந்தவர். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசன் முதல் நாலு ரவுண்டுக்குள் லெனாக்ஸைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. பிடிக்காவிட்டால் அந்த ஏழடிக் கைக்குள் நுழைவது ரவுண்டுக்கு ரவுண்ட் கஷ்டமாகும். இளம் வயதில் இருவரும் ஒரே இடத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்திருக்கிறார்கள், லெனாக்ஸ் பயந்தவர் கிடையாது.

ரெண்டு தடவை ஒரே குத்துல நாக் அவுட் ஆனவரு. கண்ணாடித் தாடை. இவரைப் போய் பெரிய ஆளுன்னு எப்படி சொல்றது?

கடினமான கேள்வி இது. நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தோல்வி 1994 செப்டம்பர், லண்டன் வெம்ப்ளி. எதிராளி ஆலிவர் மெக்கால், டைசனுக்கு ஸ்பாரிங் கொடுத்த ஆள். இரண்டாவது ரவுண்டில் லெனாக்ஸ் வலது கை வீச, அதே நொடியில் மெக்காலின் வலது கை முந்திக்கொண்டது. எழுந்தார், ஆனால் கால் ஆடியது, ரெஃப்ரி நிறுத்திவிட்டார். மெக்காலின் மூலையில் அன்று நின்ற பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட், டெட்ராய்ட் நகரத்தின் குரோங்க் ஜிம்மை நடத்தியவர். தோற்ற பிறகு லெனாக்ஸ் செய்த காரியம்தான் என் மனதில் நிற்கிறது. தன்னை வீழ்த்தத் திட்டம் போட்டுக் கொடுத்த அதே ஸ்டீவர்டைத் தன் மாஸ்டராக வைத்துக்கொண்டார். நம் பகுதியில் ஒரு பையன் டோர்னமென்டில் தோற்றால், எதிர்ப்பக்க மாஸ்டரிடம் போய் 'எனக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று நிற்பானா? நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் வலது கையை மட்டும் நம்பி, கால் சமநிலை இல்லாமல் பாய்ந்துகொண்டிருந்தவர், ஸ்டீவர்டிடம் வந்த பிறகு ஜாபை (முன்னால் நிற்கும் கையால் நேராகப் போடும் வேகக் குத்து) முன்னால் வைத்துச் சண்டை போடக் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது தோல்வி 2001 ஏப்ரல், தென்னாப்பிரிக்காவில் பிராக்பன். எதிராளி ஹசிம் ரஹ்மான். இதற்கு சாக்கு எதுவும் கிடையாது, லெனாக்ஸின் மெத்தனம்தான். கடல் மட்டத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உயரமான இடம், மூச்சு வாங்கும். ரஹ்மான் முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்கிக்கொண்டார். லெனாக்ஸ் லாஸ் வேகாஸில் ஒரு சினிமாவில் தலைகாட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் போய் இறங்கினார். எடை 115 கிலோ. ஐந்தாவது ரவுண்டில் கயிற்றோரம் கையைத் தாழ்த்தி நின்றார், ஒரு வலது கை வந்தது, அவ்வளவுதான். ரஹ்மான் தரப்பு மறுசண்டைக்கு இழுத்தடித்தபோது கோர்ட்டுக்குப் போய் அதை வாங்கினார். ஏழே மாதத்தில், நவம்பர் 17, நாலாவது ரவுண்டில் ரஹ்மானைப் படுக்க வைத்தார்.

கண்ணாடித் தாடை என்ற பேச்சுக்கு வருகிறேன். டேவிட் டுவா மாதிரி ஒரே ஹூக்கில் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) ஆளைத் தூங்க வைக்கிறவரோடு 12 ரவுண்ட் நின்றார். ரே மெர்சரோடு 1996-ல் பத்து ரவுண்ட் முகத்துக்கு முகம் அடி வாங்கினார். விட்டாலி கிளிச்கோவின் குத்துகளையும் தாங்கினார். கண்ணாடி அப்படி நிற்காது. கவனம் தப்பினால் விழுவார், அதுதான் அவர் குறை. 1936-ல் ஜோ லூயிஸ் ஷ்மெலிங்கிடம் நாக் அவுட் ஆனார், 1938-ல் அதே ஷ்மெலிங்கை முதல் ரவுண்டில் முடித்தார். அவரை யாராவது கண்ணாடித் தாடை என்கிறோமா?

மெக்கால் ரிங்குக்குள்ள அழுதுட்டாராமே. அதைப் பழிவாங்கினதுன்னு எப்படி கணக்குல சேர்க்கிறீங்க?

அரைக் கணக்காகத்தான் சேர்க்கிறேன். 1997 பிப்ரவரி, லாஸ் வேகாஸ். மூன்று ரவுண்டுக்கு அப்புறம் மெக்கால் சண்டை போடவே மறுத்து, கையைத் தொங்கவிட்டு, அழுதுகொண்டே ரிங்கைச் சுற்றி நடந்தார். போதைப் பழக்கத்தில் சிக்கி மனசு உடைந்திருந்த மனிதர். ஐந்தாவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தினார். பார்க்கவே வலிக்கிற காட்சி. அதைக் கொண்டாட எனக்கு மனசு வராது.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று ரவுண்டை யாரும் பார்ப்பதில்லை. லெனாக்ஸ் அவசரப்படாமல், முதல் சண்டையில் செய்த தவறைத் திரும்பச் செய்யாமல், ஜாபிலேயே மெக்காலை நிறுத்தி வைத்தார். பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

ஹோலிஃபீல்டோட டிரா ஆச்சே. அவரால ஜெயிக்க முடியலதானே?

அந்த டிராவை நான் டிராவாக எழுதுவதே இல்லை. 1999 மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். குத்து எண்ணிக் கணக்கெடுத்தவர்கள் சொன்னபடி லெனாக்ஸ் போட்டது 348, ஹோலிஃபீல்ட் போட்டது 130. இரண்டரை மடங்குக்கு மேல். பாயின்ட் போட்டதில் ஒரு ஜட்ஜ் லெனாக்ஸுக்கு 116-113, இன்னொருவர் 115-115, மூன்றாமவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113. அந்த மூன்றாமவர் ஐந்தாவது ரவுண்டைக்கூட ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார், லெனாக்ஸ் கயிற்றோரம் வைத்து வெளுத்த ரவுண்ட் அது. ஊரே கொதித்தது. நம்ம பசங்களுக்கு இந்த வலி புதிதில்லை. நன்றாக அடித்து ஆடிவிட்டு, எதிராளியின் கை உயர்த்தப்படுவதைப் பார்த்து நின்ற பையன்களை நானே வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

அதே வருஷம் நவம்பர் 13-ல் திரும்ப மோதினார்கள். இந்த முறை ஹோலிஃபீல்ட் நன்றாகவே ஆடினார், சண்டையும் நெருக்கமாகப் போனது. மூன்று ஜட்ஜும் லெனாக்ஸுக்கே கொடுத்தார்கள். அப்போது பெரியதாகக் கருதப்பட்ட மூன்று பெல்ட்டும் ஒரே கையில் வந்தது. அவருக்கு அப்புறம் எல்லா பெல்ட்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த ஹெவிவெயிட்டைப் பார்க்க உலகம் 2024 மே மாதம் உக்ரைன் வீரர் உசிக் வரும் வரை காத்திருந்தது.

ஹோலிஃபீல்டும் அப்ப வயசானவருதானே?

36 வயது, லெனாக்ஸுக்கு 33. கொஞ்சம் தேய்ந்திருந்தார், ஆமாம். ஆனால் டைசனை 1996-லும் 97-லும் ஜெயித்து, மைக்கேல் மூரரையும் ஜெயித்து, இரண்டு பெல்ட்டோடு வந்தவர். டைசன் விஷயத்தில் நான் கழித்த அளவுக்கு இங்கே கழிக்க மாட்டேன். என் கணக்கில் லெனாக்ஸின் மிகப் பெரிய வெற்றி இந்த ஹோலிஃபீல்ட் வெற்றிதான், டைசன் வெற்றி இல்லை.

ரிடிக் போவோட ஏன் மோதல? பயமா?

பயந்தது இவர் இல்லை. 1988 ஒலிம்பிக் இறுதியில் போவைத்தான் லெனாக்ஸ் இரண்டாவது ரவுண்டில் முடித்துத் தங்கம் வாங்கினார். 1992-ல் போ உலக சாம்பியன் ஆனதும் லெனாக்ஸோடு மோத வேண்டிய கட்டாயம் வந்தது. அவர் மோதவில்லை. நிருபர்களைக் கூப்பிட்டு டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த பெல்ட் லெனாக்ஸுக்கு வந்தது. இப்படி உட்கார்ந்த இடத்தில் பெல்ட் வந்ததையும் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எதிராளி வராததற்கு இவர் என்ன செய்வார்?

பிறகு 1996-ல் ஆண்ட்ரூ கோலோட்டா என்ற போலந்துக்காரர் போவை இரண்டு சண்டையிலும் அடித்துத் துவைத்து, இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக இரண்டிலும் தகுதி நீக்கம் ஆனார். அடுத்த வருஷம் லெனாக்ஸ் அந்தக் கோலோட்டாவை 95 விநாடியில் முடித்தார். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தன் தலைமுறையின் ஒரு பெரிய எதிராளியோடு தொழில்முறையில் மோதாமல் போனது லெனாக்ஸ் கதையில் ஒரு ஓட்டை. தவறு யாருடையதாக இருந்தாலும் நடக்காத சண்டைக்கு மதிப்பெண் கிடையாது.

தம்பி, நான் பரம்பரைச் சண்டையெல்லாம் கண்ணால பார்த்தவன். இந்த ஆளு கட்டிப்பிடிச்சு சாஞ்சே ஜெயிக்கிறான். இது ஒரு குத்துச்சண்டையா?

இதைக் கேட்டவர் வியாசர்பாடிப் பெரியவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய காலத்தை நேரில் பார்த்தவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஐயா, சில சண்டைகளில் நீங்கள் சொல்வது சரிதான். டுவா சண்டை 12 ரவுண்டும் ஜாப், பின்வாங்கல், பிடி, மறுபடி ஜாப். மாவ்ரோவிச் சண்டையும் ருசியில்லாதது. டைசன் சண்டையிலும் ஆரம்பத்தில் கழுத்தில் சாய்ந்துகொண்டே இருந்ததற்கு ரெஃப்ரி திட்டினார்.

ஆனால் உங்கள் காலத்து மாஸ்டர்களும் அதைத்தானே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? எதிராளியின் பலம் எதுவோ அதை அவன் செய்ய விடாதே. டுவாவின் இடது ஹூக்குக்கு முன்னால் நின்று வீரம் காட்டியவர்கள் ஸ்ட்ரெச்சரில் போனார்கள். லெனாக்ஸ் செஸ் விளையாடுகிறவர், ரிங்கிலும் அப்படியே யோசிப்பார். முடிக்க வேண்டிய ஆளை முடிக்கவும் செய்தார். ரட்டக், கோலோட்டா, மைக்கேல் கிராண்ட், ஃபிரான்ஸ் போத்தா, இந்த நாலு பேரில் யாரும் இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை.

உடம்பு பெருசு, அதனால ஜெயிச்சாரு. அவ்ளோதானே?

உடம்பு உதவியது. ஆனால் கிராண்ட் அவரைவிட இரண்டு அங்குலம் உயரம், இரண்டு ரவுண்டில் போனார். அகின்வாண்டேவும் உயரம்தான், ஐந்து ரவுண்ட் கட்டிப்பிடித்தே நின்று தகுதி நீக்கம் ஆனார். உயரம் மட்டும் போதுமென்றால் அவர்களும் சாம்பியனாக நின்றிருப்பார்கள். நீளக் கையை எப்போது நீட்டுவது, எப்போது மடக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விட்டாலி கிளிச்கோ சண்டைல தோத்துட்டிருந்தாரு. ரத்தம் வந்ததால தப்பிச்சாரு. சரியா?

முதல் பாதி சரி. 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலிஸ். ஆறு ரவுண்ட் முடிவில் மூன்று ஜட்ஜும் 58-56 என்று விட்டாலிக்கே கொடுத்திருந்தார்கள். லெனாக்ஸ் 116 கிலோவுக்கு மேல், தன் வாழ்நாளிலேயே அதிக எடை. விட்டாலி கடைசி இரண்டு வாரத்தில் மாற்றாக வந்தவர். இரண்டாவது ரவுண்டில் லெனாக்ஸின் கால் தடுமாறியதை எல்லோரும் பார்த்தோம்.

'தப்பிச்சாரு' என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். விட்டாலியின் இடது கண்ணுக்கு மேலே கிழிந்தது தலை மோதி இல்லை, மூன்றாவது ரவுண்டில் லெனாக்ஸ் போட்ட வலது கையால். குத்தினால் வந்த காயம், குத்தினவர் கணக்கில்தான் சேரும். அந்தக் காயத்துக்கு 60 தையல் போட்டார்கள். ஆறாவது ரவுண்டில் லெனாக்ஸின் அப்பர்கட்டை (கீழிருந்து மேலே போடும் குத்து) பாருங்கள், திரும்பி வந்துகொண்டிருந்தவர் யார் என்று தெரியும். இருந்தாலும் டாக்டர் நிறுத்தாவிட்டால் யார் ஜெயித்திருப்பார் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

விட்டாலி பிறகு என்ன ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 45 வெற்றி, 2 தோல்வி, தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறைகூடக் கீழே விழாதவர். லெனாக்ஸ் தன் 37 வயதில், உடம்பு தயாரில்லாமல் போய், ஏறுமுகத்தில் இருந்த அப்படிப்பட்டவரிடமிருந்து பிடுங்கிய வெற்றி இது. அழகில்லாத வெற்றி. ஆனால் நாள் போகப் போக மதிப்பு கூடிய வெற்றி.

அப்ப மறுபடி மோதியிருக்கலாமே? ரிட்டையர் ஆகி ஓடிட்டாரே!

2004 பிப்ரவரியில் விலகினார். ரஹ்மானிடம் மறுசண்டைக்குக் கோர்ட் ஏறினவர், விட்டாலிக்கு மறுசண்டை கொடுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்களை நான் தடுப்பதில்லை. அந்த மறுசண்டை நடந்து ஜெயித்திருந்தால் அவர் இடம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும்.

ஆனால் ரிங்கை விட்டுப் போகத் தெரியாத சாம்பியன்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். 1980-ல் லாரி ஹோம்ஸிடம் அலி வாங்கிய அடியை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்காது. அலிக்கு அப்போது 38. அதே வயதில் லெனாக்ஸ், சாம்பியனாகவே, தெளிவான பேச்சோடும் நிதானத்தோடும் வெளியே போனார். கோடிக்கணக்கில் ஆசை காட்டியும் திரும்பி வரவில்லை. நம் பகுதியிலேயே ஒரு காலத்தில் பெயர் வாங்கிவிட்டு, பின்னாளில் கை நடுங்க, பேச்சு குழற நடமாடிய பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த முடிவை ஓட்டம் என்று என்னால் சொல்ல முடியாது.

ராக்கி மார்சியானோ 49-க்கு 49. ஒண்ணுகூட தோக்கல. அவரைவிட ரெண்டு தோத்தவரு எப்படி மேல?

தோல்வியே இல்லாத கணக்கு அழகுதான். ஆனால் முதல் கேள்வி 'யாரை' என்பது. மார்சியானோ ஜெயித்த பெரிய பெயர்களில் ஜோ லூயிஸ் 37 வயதில் ஓய்ந்து வந்தவர், ஜெர்சி ஜோ வால்காட்டுக்கும் எஸ்ஸார்ட் சார்ல்ஸுக்கும் நல்ல காலம் முடியும் தறுவாய். 'கிழட்டு டைசன்' என்று லெனாக்ஸுக்குக் கழிக்கிறவர்கள் மார்சியானோவுக்கும் அதே தராசைத்தான் பிடிக்க வேண்டும்.

லெனாக்ஸ் அமெச்சூர்ல தோத்ததே இல்லையா அண்ணா?

தோற்றிருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் டைரெல் பிக்ஸிடம். 18 வயது. உடனே பணத்துக்குப் போகாமல் நாலு வருஷம் காத்திருந்து அடுத்த ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். அப்புறம் 1991-ல் அதே பிக்ஸைத் தொழில்முறையில் சந்தித்து மூன்று ரவுண்டில் முடித்தார். இதைக் கேட்டது எங்களிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண், முந்தைய வாரம்தான் முதல் சண்டையில் தோற்றிருந்தாள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க லிஸ்ட்ல எத்தனாவது?

அலி, ஜோ லூயிஸ் இருவரும் தனி. அலி ஜெயித்த எதிராளிகளின் தரம் வேறு யாருக்கும் இல்லை: லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மேன். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். மூன்றாவது இடம் லாரி ஹோம்ஸுக்கு, அந்த ஜாபுக்காகவும் 48 சண்டை தோற்காமல் வந்ததற்காகவும். நாலாவது லெனாக்ஸ்.

45 வயதில் திரும்ப சாம்பியன் ஆன ஃபோர்மேனை நாலாவதாக வைத்து லெனாக்ஸை ஐந்தாவதாகத் தள்ளினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். முதல் பத்துக்கு வெளியே தள்ளினால் மட்டும், மேலே எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

டைசனுக்கு எந்த இடம்?

பத்துக்குள், கீழ்ப்பாதியில். 1986 முதல் 1988 வரை அவரைப் போல ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் அவரைத் தோற்கடித்த டக்ளஸ், ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ், இவர்களில் ஒருவரைக்கூட அவர் திரும்ப ஜெயிக்கவில்லை. இரண்டாவது அளவுகோல் அங்கேதான் வேலை செய்கிறது.

எதை முதல்ல பார்க்கணும்? மொபைல்ல பார்த்துக்கிறேன்.

நாக் அவுட் தொகுப்பு வீடியோவில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் 1994 மெக்கால் சண்டையைப் பாருங்கள், இரண்டே ரவுண்ட். லெனாக்ஸின் வலது கை கிளம்பும்போது பின்கால் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து ரே மெர்சர் சண்டை முழுசும். அதன்பின் 1999 மார்ச் ஹோலிஃபீல்ட் சண்டையை, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தாளில் ரவுண்டுக்கு ரவுண்ட் நீங்களே பாயின்ட் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ரஹ்மானோடு இரண்டு சண்டையையும் அடுத்தடுத்து. முதலாவதில் கயிற்றோரம் கை தாழ்ந்து நிற்கிற ஆளைப் பாருங்கள். இரண்டாவதில் முதல் மூன்று ரவுண்ட் முழுக்க ஜாப், ஜாப், ஜாப். நாலாவதில் அந்த வலது கை எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு, காலையில் வந்து சொல்லுங்கள்.